மோரில் எவ்வளவு தாமிரம்

என் அக்காவின் ஒரே மகள், ஆறு வயது, ஒரே பகலில் வாந்தியெடுத்துச் செத்துப்போனாள். அன்று காலை அவள் குடித்தது, முதல் நாளே பித்தளைத் தூக்கில் ஊற்றி வைத்த மோர். தூக்கின் உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்து போயிருந்தது. ஈயம் பூசுகிறவர் தங்கள் ஊரான புதுவயல் பக்கம் வரட்டும் என்று அக்கா தள்ளிப்போட்டிருந்தாள். "பாத்தீகளா, களிம்பேறுன மோரை ஊத்திக் கொன்னுபுட்டா" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் மாமியார் சொன்னார். அக்கா மறுக்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவளைக் காரைக்குடிக்கு என் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். துக்க வீட்டில் மற்ற ஆண்கள் பந்தல் போடுவார்கள், விறகு பிளப்பார்கள். எனக்கு இரண்டும் வராது. அளக்க வரும். பித்தளையில் பெரும்பகுதி தாமிரம்; பூச்சு தேய்ந்த இடத்தில் புளித்த மோர் பட்டால் அது மோரில் இறங்கும், மிஞ்சினால் விஷம்.

அந்தத் தூக்கையே கேட்டு வாங்கி வந்து, மோர் ஊற்றி ஒரு நாள் வைத்தேன். பிறகு அதில் ஒரு தாமிரக் கம்பி. பக்கத்துக் கண்ணாடிக் குவளையில், தாமிர உப்பான மயில்துத்தத்தை அளவு தெரிந்து கரைத்த நீரில் இன்னொரு கம்பி. நடுவே பாலமாக, உப்புநீரில் நனைத்த பஞ்சுத்திரி. தனியாக அலையும் தாமிரம் இரு பக்கமும் வேறுபட்டால் கம்பிகளுக்கிடையே சிறு மின்னழுத்தம் பிறக்கும். அதை அளந்தால் மோரில் எவ்வளவு அலைகிறது என்று சொல்லிவிடலாம். அதை அளக்க, தலைமையாசிரியரிடம் சொல்லாமல் பள்ளியிலிருந்து எடுத்து வந்த கால்வனாமீட்டரின் முள்ளின் மேல் நான் குனிந்திருந்த கோலத்தைப் பார்த்து, அத்தனை நாளில் முதல் தடவையாக அக்கா வாய் திறந்தாள்.

"என்னடா, மோருக்கு நாடி பாக்குறியா?"

கணக்குப் போட்டேன். தாமிரம் இல்லையென்றே சொல்லலாம்.

"அக்கா, ஒண்ணுமே இல்ல. மோர் கொல்லல!"

அவள் தூக்கைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். "இங்குட்டுப் பச்சை பூத்துருக்கு. மோருல எறங்குனது எங்குட்டுப் போச்சு?"

"பால்சத்து அதைப் பிடிச்சு வச்சுக்கிரும். கட்டிப்போட்ட மாடு மாதிரி. இந்தக் கம்பிக்கு அவுத்துவிட்ட மாடு மட்டுந்தான் தெரியும்."

"வயித்துக்குள்ள போனா அவுந்துறாதா?"

பட்டணம் போய்ப் படித்து, அலமாரி நிறையப் புத்தகம் அடுக்கி வைத்திருந்தவனுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவள் கேட்டுவிட்டாள். வயிற்றில் இருப்பது அமிலம், அது அவிழ்த்துவிடக்கூடியதுதான். மேசையில் அமிலப் புட்டி இருந்தது. சில சொட்டு விட்டு மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

"அவுழாது" என்றேன்.

"நெசமா?"

"நெசந்தாங்க்கா."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோரை முற்றத்துச் சாக்கடையில் கொட்டினேன். சோதனையைப் பாதியில் விட்ட மாணவர்களை நான் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன்.

அக்கா காலித் தூக்கையும் என்னையும் பார்த்தாள். "சோறு இருக்கா?" என்றாள்.

நம்பினாளா, என்மேல் இரக்கப்பட்டாளா, இன்றும் எனக்குத் தெரியாது. பாதிச் சோற்றில் கையை நிறுத்தி, மகள் பெயரை ஒரு தடவை சொன்னாள். பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டாள்.