மாடுகளுக்கு வேலி தெரிந்த கதை

போர் முடிந்து நறுவிலிக்குளத்தில் மீளக்குடியேறிய பிறகு வாங்கிய உழவு இயந்திரத்தை விற்றுத்தான் சீவரத்தினம் தன் மகள் யதுர்சிகாவைக் கொழும்பில் குற்றவியல் படிக்க வைத்தார். பட்டம் வந்தது; வேலை வரவில்லை. பெண் கேட்டு வந்த ஒரேயொரு குடும்பமும், "பிள்ளை சிஐடிக்கோ படிச்சவ?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனது.

"மிசினும் போச்சு, மாப்பிள்ளையும் போச்சு" என்று மனைவி மங்கையற்கரசி நாள் தவறாமல் புறுபுறுத்தாள்.

சீவரத்தினத்துக்கு வேறொரு கணக்கு இருந்தது. பக்கத்துக் காணிக் குணநாயகத்தாரின் மாடுகள் வருசா வருசம் அவருடைய வயலில் பாதியை மேய்ந்துவிடும். கேட்கப்போனால், "மாட்டுக்கு வேலி தெரியுமோ?" என்பார் அந்த மனிதர். பிள்ளை புலனாய்வுப் பொலிசாம் என்ற சிஐடிக் கதை ஊருக்குள் பரவியதும் மாடுகளுக்கு வேலி நன்றாகவே தெரிந்துவிட்டது. இரண்டு காலபோக விதைப்பிலும் வயலில் ஒரு குளம்படிகூட இல்லை. தப்பிய நெல்லுக்கு விலை போட்டால், விற்ற மிசினில் பாதி திரும்பி வந்திருந்தது.

"அப்பா, நான் சிஐடி இல்லையெண்டு ஊருக்குச் சொல்லுங்கோ" என்றாள் யதுர்சிகா.

"சொல்லுவம், அறுவடை முடியட்டும்."

அறுவடைக்கு முதலே குணநாயகத்தார் படலையில் வந்து நின்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்கு 'நீங்கள்' போட்டார்.

"பிள்ளை, நீங்கள் படிச்ச படிப்புக்கு என்ரை மகனையும் விடலாமோ? செலவைப் பற்றிப் பரவாயில்லை."

"அதுக்கு வேலை கிடைக்காது, மாமா."

"வேலை ஆருக்கு வேணும்? என்ரை மாடுகளெல்லாம் மெலிஞ்சு போச்சுதுகள், பிள்ளை."