சனிக்கிழமை ஸ்விட்ச்

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, அடுப்படி ஸ்விட்சைப் போடுவது. வெளிச்சம் வேண்டுமென்று போடுவதில்லை. துபாயில் விடிந்ததுமே வெயில் மூஞ்சியில் அடிக்கும். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். விளக்குப் போடக் கூடாது, அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, வண்டியில் ஏறக் கூடாது. ஆனால் என்னைப் போல யூதராக மாறுவதற்குப் படிக்கிறவர்கள், மாறி முடிகிற வரைக்கும் அந்த நாளை முழுசாகக் கடைப்பிடிக்கக் கூடாது என்பது வழக்கம். அது இன்னும் எங்களுடைய நாள் ஆகவில்லை. அதனால் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே மீற வேண்டும். நான் மீறுவதற்கு இந்த ஸ்விட்சை எடுத்துக்கொண்டேன்.

தூத்துக்குடிக்காரிக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அம்மா கேட்டாள். "றாலும் கூடாதாம், நண்டும் கூடாதாம். என்னட்டி இது, நம்ம ஊர்ல பொறந்தவளுக்கு இதைவிட வேற என்ன தண்டனை வேணும்?" என்றாள் போனில். செதில் உள்ள மீன் சாப்பிடலாம்மா என்றேன். "அதுவரைக்கும் விட்டானுவளே" என்று வைத்துவிட்டாள்.

எல்லாம் அவனால் வந்தது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில் எஞ்சினியர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த யூதன். நான் துபாய் தேராவில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அவன் ஆலைக்கு வரவேண்டிய பம்ப் ஒன்று கப்பலில் தாமதமாகி, அதற்காக தினமும் போன் போட்டு என்னிடம் கத்தினான். நானும் விடவில்லை, திருப்பிக் கத்தினேன். பம்ப் வந்து சேர்ந்த அன்றைக்கு மன்னிப்புக் கேட்க ஆபீசுக்கே வந்து நின்றான். காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, அது எங்கே என்று சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தான். எனக்கு அங்கேயே மனசு போய்விட்டது.

கல்யாணம் என்று பேச்சு வந்தபோது அவன் வீட்டில் ஒரே நிபந்தனை. பெண் யூதராக இருக்க வேண்டும், இல்லையென்றால் முறைப்படி மாற வேண்டும். சரி என்றேன். அவன் றாலும் தின்பான், சனிக்கிழமை கார் ஓட்டிக்கொண்டு ஃபுஜைராவுக்கும் போவான். வேதப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. பிறந்தவனுக்கு யாரும் பரீட்சை வைப்பதில்லை, வெளியிலிருந்து வருகிறவளுக்குத்தான். எனக்கு அதில் வயிறு எரியாமல் இல்லை.

பெயர்ப் பலகை இல்லாத ஒரு வில்லாவில் யூதர்களுடைய தொழுகையும் படிப்பும் நடக்கும். வாசலில் எப்போதும் ஒரு காவலர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிந்து நேராக அங்கே போவேன். தனியாகப் படிக்க விடமாட்டார்கள், ஜோடியாகத்தான் உட்கார வேண்டும். ஒருத்தி வாசிக்க வேண்டும், எதிரே இருப்பவள் மறுத்துப் பேச வேண்டும். எனக்குக் கிடைத்த ஜோடி பிரான்சிலிருந்து வந்த பல் டாக்டர், என் வயசு, பொறுமை என்றால் என்னவென்று தெரியாதவள். நான் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடப் பழக்கத்தில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்தேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"நீ ஏன் எல்லாத்துக்கும் தலையாட்டுற? நான் சொல்றது தப்புன்னு சொல்லு."

"தப்புன்னு எனக்குத் தோணலையே."

"அப்ப நீ இன்னும் படிக்க ஆரம்பிக்கல."

கோபத்தில் அடுத்த வாரம் அவள் சொன்ன ஒவ்வொன்றையும் மறுத்தேன். ஜெயிக்க வேண்டும் என்ற ஒரே வெறி. அதற்கும் திட்டினாள். ஜெயிக்கிறதுக்காக வாதாடுகிறவள் காதை மூடிக்கொள்கிறாள், பெரிய ஆளென்று காட்டப் படிக்கிறவளும் அப்படித்தான், இந்த மேசையில் உண்மை எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது மெட்ரோவில் இறங்கவேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன். அவ்வளவு யோசனை. அவனுக்காகப் போக ஆரம்பித்தவள், எந்தச் செவ்வாயிலிருந்து எனக்காகப் போக ஆரம்பித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வேறு காரணத்துக்காக வந்தாலும் வந்து உட்கார், போகப் போகக் காரணம் தானாகச் சுத்தமாகும் என்று அவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அது பலித்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் பொய்யைப் பற்றிப் படித்தோம். மற்ற தப்புகளைச் செய்யாதே என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிற வேதம், பொய்யிடம் மட்டும் எட்டவே நில் என்கிறது. ஏன் அப்படி என்று நானும் பல் டாக்டரும் போட்ட சண்டையில் காவலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் என்னை விசாரிக்க வெளிநாட்டிலிருந்து மூன்று மதப் பெரியவர்கள் வருவதாக நாள் குறித்தார்கள். அவர்கள் சரி என்றால் நான் யூதப் பெண், எங்களுக்குக் கல்யாணம். அவன் என்னை க்ரீக் தண்ணீர் ஓரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தான். "நான் இல்லைன்னாலும் வந்திருப்பியான்னு கேப்பாங்க. வந்திருப்பேன்னு சொல்லிடு. ஒரு வார்த்தைதான். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." சரி என்றுதான் நானும் தலையாட்டினேன். சொல்லிவிடலாம் என்றுதான் உள்ளேயும் போனேன்.

உணவு, பண்டிகை, பிரார்த்தனை எல்லாம் கேட்டார்கள். தடங்கலில்லாமல் சொன்னேன். பிறகு நடுவில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார், அவன் இல்லையென்றால் நீ வந்திருப்பாயா என்று. எதிரே நாங்கள் படிக்கிற அதே மேசை. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஜோடிக்காரியிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. வாய் தானாகத் திறந்தது. "வந்திருக்க மாட்டேன். இப்படி ஒரு படிப்பு இருக்கிறதே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"நாளைக்கு அவன் போய்விட்டால், தொடர்ந்து படிப்பாயா?"

"தெரியல. அவன் போறதை என்னால நினைச்சுப் பாக்க முடியல."

மூன்று பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். உன் நேர்மை எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் காரணம் இன்னும் தெளியவில்லை, இன்னும் ஒரு வருஷம் படி என்றார்கள். பல் டாக்டர் வெளியே என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ சொன்னதுதான் சரி. ஒரு வருஷம்தானே" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவன் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். சொன்னேன். "எனக்காக ஒரே ஒரு பொய் சொல்ல முடியலையா உன்னால?" என்றான். உனக்காக றாலை விட்டேன், சனிக்கிழமை வண்டி ஏறாமல் ஆடி வெயிலில் டாக்சிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க நடந்து வந்தேன், எங்கம்மாவை அழவைத்தேன், அதெல்லாம் கணக்கில்லையா என்று கத்தினேன். "நான் கேட்டது அதையெல்லாம் இல்லையே" என்றான். அது உண்மைதான். நான் அழுதேன்.

சண்டை ஆறிவிடும் என்று நம்பினேன். முதல் சண்டையே பம்ப்புக்காக மாதக்கணக்கில் போட்டவர்கள்தானே நாங்கள். ஆனால் அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். கத்தாதவனோடு என்ன செய்வது? கான்ட்ராக்ட் முடிந்ததும் புதுப்பிக்காமல் ஊருக்குப் போனான். ஏர்போர்ட்டில் என் நெற்றியில் கைவைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வந்த செய்தி, அவனுக்கு அங்கே நிச்சயமாகிவிட்டது என்பது. "வந்துரு மக்கா. வந்து ரெண்டு நாள் நல்லாச் சாப்பிட்டுத் தூங்கு" என்றாள் அம்மா. அவள் குரலில் கேலி இல்லாதது எனக்கு இன்னும் அழுகையைக் கொண்டுவந்தது. றால் வாங்கிவைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம்மா என்றேன். நான் இன்னும் அதை விடவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை பல் டாக்டர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று பேரும் சொல்லியனுப்பியிருந்தார்கள். வருஷம் முடியக் காத்திருக்க வேண்டாம், இனி சந்தேகப்பட ஒன்றுமில்லை, தடை நீங்கிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவள் முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்குக் கேட்டார்களே, அவன் போய்விட்டால் படிப்பாயா என்று. பதில் இதோ மேசையில் உட்கார்ந்திருந்தது. அவன் போய்விட்டான், நான் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அவனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று யாரிடம் சொல்வது? தடை என்று அவர்கள் சொன்னது, காதில் பேனாவை வைத்துக்கொண்டு சட்டைப்பையில் தேடியவனை.

"இப்ப வேண்டாம்" என்றேன்.

"ஏன்?" என்றாள். மறுத்துப் பேசுவாள் என்று காத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தைத் திருப்பி, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

படிப்பை விடவில்லை. விடவும் முடியாது, அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. ஆனால் அவர்கள் என்னைச் சேர்த்துக்கொள்கிற அன்றைக்கு, அவன் இல்லாதது சரிதான் என்று நானே கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகிவிடும். அதற்கு இன்னும் மனசு வரவில்லை. அதனால் சனிக்கிழமை காலையில் எழுந்ததும் அடுப்படிக்குப் போய் ஸ்விட்சைப் போடுகிறேன்.