அடுப்பில்லாமல் ஒரு பாலைவனம்

பேருந்து நின்றதும் முதலில் இறங்குவது அன்னத்தாய்தான். நேராகக் குழாயடிக்குப் போவார். உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து, ஒரு மடக்கு வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு துப்புவார். அதற்குள் பின்னால் நாற்பது பேர் கழிப்பறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு இறங்கியிருப்பார்கள்.

"இந்தத் தண்ணிக்குப் பருப்பு வேகாது. ஏலே சூச, இன்னிக்கி சாம்பார் கெடையாது. வத்தக்கொழம்பு. புளிய ஊறப்போடு" என்று சமையல் உதவியாளுக்கு உத்தரவு போகும்.

ராஜஸ்தானத்தில் எந்த ஊரில் சாம்பார், எந்த ஊரில் வத்தக்குழம்பு என்பதெல்லாம் இப்படித்தான் முடிவாகும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பழனிசெட்டிபட்டியில் அவருடைய கணவர் முத்துராஜா வெளிமாநிலச் சுற்றுலா நடத்துகிறார். தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று பள்ளத்தாக்கு முழுவதிலும் ஆள் சேர்ப்பார். மதுரையில் ரயில் ஏறி வடக்கே போய் இறங்கினால், அங்கே ஒரு வாடகைப் பேருந்து. அதன் வயிற்றுக்குள் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, அப்பளக்கட்டு, கூடவே நம் ஊர் வறுத்த மல்லியின் வாசனை. 'மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு' என்று நோட்டீஸில் போட்டிருக்கும். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'அன்னத்தாய் கைப்பக்குவம்'. முத்துராஜாவின் பெயர் அதைவிடச் சின்ன எழுத்து. அது அச்சகக்காரரின் தவறு இல்லை. அன்னத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து அப்படி அடிக்கச் சொன்னது.

ஐம்பதைத் தாண்டிய வயது. குட்டையாக, அகலமாக இருப்பார். நூல் சேலைக்குக் கீழே ஓட்டப்பந்தயத்துக்குப் போடுகிற நீல ஷூ. யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால், "நாள் பூரா நின்னு சமைக்கிறவ காலு. செருப்புக்கு அடங்காது" என்பார். சாமான் பெட்டியின் சாவி இடுப்பில் தொங்கும். ஜோத்பூர் சந்தையில் காய் வாங்கப் போனால் முதலில் தமிழில் விலை கேட்பார். கடைக்காரர் விழித்தால், "எத்ரயா?" என்று மலையாளத்துக்கு மாறுவார். கம்பம் மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் செல்லுபடியாகிற மொழி எல்லா வெளியூருக்கும் செல்லுபடியாகும் என்பது அவர் நம்பிக்கை. அதுவும் புரியவில்லை என்றால் குரலைக் கூட்டுவார். ஒருநாளும் காய் வாங்காமல் திரும்பியதில்லை.

பாலைவனத்துக்குப் பேருந்தில் போவதா, சொந்தக் காரில் தனியாகப் போவதா என்று குழம்புகிறவர்கள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள். முன்னறையில் முத்துராஜா பேசுவார். "பேக்கேஜ்ல வந்தா ஒரு தொல்ல இல்லங்க. ரூமு, சாப்பாடு, வண்டி எல்லாம் எங்க பொறுப்பு. நீங்க வந்து ஏறுனாப் போதும்." அவர் சொல்வதில் பொய் இல்லை. வழியில் டயர் வெடித்தாலும், விடுதிக்காரன் கையை விரித்தாலும் அது அவர் பாடு. ஆனால் அவர் மூச்சு விடுகிற இடத்தில் அன்னத்தாய் அடுக்களையிலிருந்து வந்துவிடுவார். கரண்டி கையோடு, மூன்று கேள்விகள்.

"வழி கேக்கக் கூச்சப்படுவீகளா? ரசம் இல்லாம எத்தன நாளு தாங்குவீக? புருசன் பொண்டாட்டிக்குச் சண்ட வந்தா எப்பப் பேசுவீக?"

மூன்றாவது கேள்விக்குப் பலரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். "சிரிக்காதீக. பஸ்ஸுல வந்தா ஒங்க சண்டய நாப்பது பேரு பிரிச்சுக்கிருவாக. கார்ல நீங்க ரெண்டு பேருதேன் தாங்கணும். அங்கன ரோடு வேற நேராப் போகும், பராக்குப் பாக்க ஒண்ணும் இருக்காது."

சின்னமனூர் அரிசி ஆலைக்காரர் விஜயகுமார் புதுக் கார் வாங்கிய வேகத்தில் தனியாகப் போகத்தான் நினைத்திருந்தார். வழி எதற்குக் கேட்க வேண்டும், போனில்தான் மேப் இருக்கிறதே என்றார். "அப்ப நீங்க பஸ்ஸுக்கு வந்துருங்க. மணலுக்குள்ள போன் செத்துப்போனா நீங்க எறங்கிக் கேக்க மாட்டீக. ஒங்க வீட்டம்மாதேன் ஒட்டகக்காரன்கிட்ட அழணும்." அவருடைய மனைவி அந்த இடத்திலேயே பேருந்துக்குப் பெயர் கொடுத்தார். எனக்கு முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும் பிரச்சினை இல்லை. இரண்டாவதில் தோற்றுப் பேருந்தில் ஏறியவன் நான்.

வந்த ஆளைக் காரில் போகச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் உண்டு. முத்துராஜா தலையில் கையை வைத்துக்கொள்வார். "இந்தா, நீ என்ன யேவாரம் பண்றியா, யேவாரத்த மூடுறியா?" என்பார். "பஸ்ஸுக்கு ஆகாதவுகள ஏத்துனா மத்தவுக சோத்துக்குள்ள கல்லு மாதிரி" என்பது பதில்.

அப்படி ஒரு கல்லாக இருந்தவர்தான் போடி ஏலக்காய் வியாபாரி வினோத்ராஜின் மனைவி ஜெபஷீலா. போன வருஷப் பேருந்தில் எங்களோடு வந்தார். எங்கே நிறுத்தினாலும் காணாமல் போவார். ஆடு மேய்க்கிறவரோடு பேசிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் யாரோ ஒரு வீட்டு வாசலில் ரொட்டி தட்டுவதை வேடிக்கை பார்ப்பார். முத்துராஜாவுக்கு விசில் ஊதி ஊதிக் கன்னம் வலித்தது. ஊர் திரும்புகிற ரயிலில் அன்னத்தாய் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீங்க பஸ்ஸுக்கு ஆகாதவுக ஆத்தா. வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு கார்ல போங்க. நின்ன எடத்துல நிக்கலாம்" என்றார். அது திட்டா வாழ்த்தா என்று ஜெபஷீலாவுக்கே சரியாகத் தெரியவில்லை.

ஆனால் அவர் அதை மறக்கவில்லை. இந்த வருஷம் கார்த்திகையில் கணவனும் மனைவியுமாகப் பழனிசெட்டிபட்டிக்கு வந்தார்கள். நானும் அன்று ஜனவரிப் பேருந்துக்குச் சொல்லிவைக்கப் போயிருந்தேன்.

"அக்கா, நீங்க சொன்னபடி ஜனவரியில போடியிலிருந்தே கார்ல கெளம்புறோம். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டப்போறோம். பின்னாடி சீட்டு சும்மாதேன் கெடக்கு. நீங்களும் வாங்க."

அன்னத்தாய்க்கு அது அழைப்பு என்றே முதலில் தோன்றவில்லை. "மூணு பேருக்குத்தேன? சின்ன அடுப்பு போதும்" என்றார்.

"அடுப்பு வேணாங்க்கா. சமைக்கக் கூப்பிடல. சும்மா வாங்க."

அன்னத்தாயை யாரும் எங்கேயும் சும்மா வரச்சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாண வீடாக இருந்தாலும் பந்திக்கு முன்னால் அவரை அடுப்படிக்குத்தான் அழைத்துப் போவார்கள். அவரும் பெருமையாகத்தான் போவார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அன்னத்தாய் ராஜஸ்தானத்துக்கு ஏழு முறை போனவர். ஜெய்சல்மேருக்கு அப்பால் சம் என்ற ஊரில் பெரிய மணல்மேடுகள் உண்டு. சூரியன் இறங்குவதைப் பார்க்கத்தான் எல்லாரும் அங்கே போகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில்தான் நாற்பது பேருக்கு இரவுச் சாப்பாடு ஆக வேண்டும். பேருந்தின் நிழலில், காற்றுக்கு மறைப்பாகத் தகரத்தை நிறுத்தி, அடுப்பின் முன்னால் குனிந்திருப்பார். பார்த்து வந்தவர்கள் வியந்து பேசிக்கொண்டே வரிசையில் நிற்கும்போது பரிமாறிக்கொண்டிருப்பார். "ஏழு தடவ போயிருக்கேன். ஒட்டகத்தோட காலத்தேன் பாத்திருக்கேன். மேல என்ன இருக்குன்னு எவுகளாச்சும் சொன்னாத்தேன் தெரியும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். புலம்பலாகச் சொன்னதில்லை. ஆனால் அடிக்கடி சொல்வார்.

முத்துராஜா சிரித்தபடி விஷயத்தை முடிக்கப் பார்த்தார். "ஜெபஷீலாம்மா, இவ எங்க வாரா? ஒருநா அடுப்ப விட்டு இருந்துருவாளா இவ?"

அவர் பேசாமல் இருந்திருந்தால் அன்னத்தாய் ஒருவேளை மறுத்திருப்பார். கரண்டியை மேஜைமேல் வைத்தார்.

"இருப்பனா மாட்டனான்னு நீங்க என்னிக்குப் பாத்தீக?"

"ஏ, கோவப்படாத. பாதிப் பேரு ஒன் சாப்பாட்டுக்குத்தேன் வாராக. பஸ்ஸு என்னாகும்?"

"சூச இருக்கான்ல?"

கெங்குவார்பட்டி சூசைமுத்து பல வருஷமாக அவரிடம் வேலை செய்கிறவர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். இன்றுவரை உப்பு அளவை அவராக முடிவு செய்தது கிடையாது.

"அவன் சொதப்பிட்டா?"

"நல்லாச் சமைச்சா எனக்குப் பெரும. சொதப்புனா அதவிடப் பெரும" என்றார் அன்னத்தாய்.

"அப்ப நோட்டீஸுல ஒம் பேர எடுத்துரவா?"

"எதுக்கு எடுக்கணும்? 'அன்னத்தாய் கைப்பக்குவம், சமையல் சூசைமுத்து'ன்னு போடுங்க. அவனுக்குச் சொல்லிக்குடுத்தது ஏங் கைதேன?"

அந்த வாக்கியம் அப்படியே அச்சாகி, தேனி பஸ் நிலையம் வரை ஒட்டப்பட்டது.

கார்ப் பயணத்தை ஜெபஷீலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிளம்புகிற காலையில் அன்னத்தாயின் பையைத் தூக்கினால் கனத்ததாம். உள்ளே ஒரு குக்கர். அன்னத்தாய் தானே அதை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

ஜோத்பூரைத் தாண்டும்வரை தொல்லை இல்லை. அதற்குப் பிறகு ரோடு வளையவே இல்லை. வினோத்ராஜ் போடிமெட்டு மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர். வளைவு வருகிறதோ இல்லையோ, அவர் கை கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஹாரனை அடித்துவிடும். எதிரே வெறும் வானம்தான். வண்டியை எங்கே நிறுத்தினாலும் பின் சக்கரத்துக்குக் கீழே கல் வைக்க வேண்டும் அவருக்கு. மணலில் கல்லுக்கு எங்கே போவது? சமதரையில் நின்ற காருக்குக் கல் தேடி அலைகிறவரைப் பார்த்து, ஆடு மேய்க்கிற ஒருவர் வண்டியில் ஏதோ பெரிய கோளாறு என்று நினைத்து ஊருக்குள் ஓடி, நாலு பேரைக் கூட்டி வந்துவிட்டார். வந்தவர்கள் காரைத் தள்ளியே தீருவது என்று நின்றார்கள். அன்னத்தாய்தான் இறங்கிப் போய்த் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கம் சொன்னார். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, எல்லாருமாகச் சிரித்து, வீட்டுக்கு அழைத்துப் போய் மோர் கொடுத்தார்களாம்.

"பஸ்ஸா இருந்தா இந்நேரம் விசில் ஊதியிருப்பாக" என்றாராம் அன்னத்தாய், இரண்டாவது மோருக்குக் குவளையை நீட்டியபடி.

கஷ்டப்பட்டது சாப்பாட்டுக் கடைகளில்தான். முதல் கடையில் பழக்கதோஷத்தில் எழுந்து அடுக்களை வாசல்வரை போய்விட்டார். மோரும் கடலைமாவும் கொதிக்கிற சட்டியை எட்டிப் பார்த்து, "தீயக் குறைக்கணும், திரிஞ்சு போகும்" என்றார். கடைக்காரம்மா என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் அன்னத்தாயின் தோளைப் பிடித்துத் திருப்பி, கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, கம்பு ரொட்டியையும் அந்தக் குழம்பையும் கொண்டுவந்து வைத்தார். மோர் திரியவில்லை. "நம்ம மோர்க்கொழம்புக்கு அக்கா மொற வேணும்னா சொல்லலாம்" என்று மட்டும் சொல்லி, மூன்று ரொட்டி சாப்பிட்டாராம்.

எங்கள் பேருந்து சம் போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தான் அவர்களும் அங்கே இருந்தார்கள். மணல்மேட்டின் பாதி உயரத்தில் நீல ஷூ இரண்டும் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் காலை நீட்டி அன்னத்தாய். கொஞ்சம் தள்ளி ஜெபஷீலாவும் வினோத்ராஜும். சூரியன் இறங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

பேருந்துக்காரர்கள் அவரைப் பார்த்ததும் கூச்சல்.

"அன்னத்தாயம்மா! நல்லவேள வந்தீக. சூச கொழம்பு கூட்டத் தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கிறாரு" என்றார் விஜயகுமார். அது முழுப்பொய். வந்த நாளிலிருந்து தட்டை வழித்துச் சாப்பிட்டவர் அவர்தான்.

அன்னத்தாயின் கை சேலை முந்தானைக்குப் போனது. இடுப்பில் செருகிக்கொண்டு எழுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு காலை மடக்கவும் செய்தார். அந்த நேரத்தில் சூசைமுத்துவே கீழேயிருந்து கரண்டியில் குழம்பைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு மேடேறி வந்தார்.

"அக்கா, உப்பு மட்டும் பாத்துச் சொல்லிருங்கக்கா."

அன்னத்தாய் கரண்டியைப் பார்த்தார். வாசனை எனக்கே வந்தது. மடக்கிய காலைத் திரும்ப நீட்டினார்.

"ஒன் அடுப்பு, ஒன் உப்பு. நீயே பாரு. போ, அடிப்பிடிக்கப் போகுது."

சூசைமுத்து அங்கேயே கரண்டியை வாயில் வைத்துப் பார்த்தார். தலையை ஒருமுறை ஆட்டிக்கொண்டு, வந்ததைவிட வேகமாக இறங்கிப் போனார். அன்னத்தாய் அவர் முதுகைப் பார்த்தபடி, "நடையப் பாரு, சரியா இருக்கு போல" என்றார். அதில் இருந்த கர்வம் யாரைப் பற்றியது என்று பிரிக்க முடியவில்லை.

மணல் சிவந்துகொண்டு வந்தது. கடைசியாக முத்துராஜா வந்தார். தலை எண்ணி முடித்து, கழுத்தில் விசிலோடு, மூச்சு வாங்க. அவரும் ஒருமுறைகூட அங்கே நின்று பார்த்தவர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இருட்டுறதுக்குள்ள எல்லாரையும் எறக்கணும்" என்றார் பொதுவாக, யாரிடமும் இல்லாமல். பிறகு மனைவியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "என்ன, நல்லாருக்கா?"

அன்னத்தாய் சூரியனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து மணலை உள்ளங்கையால் சமன் செய்து, இரண்டு தட்டுத் தட்டினார்.