சிவப்புப் பொத்தான்

இன்று காலை ராயன் ஜெர்மனியிலிருந்து என் கைப்பேசிக்கு ஓர் ஒலித்துண்டு அனுப்பியிருந்தான். "அம்மா பேசின கேசட்டுடா. பழைய பொட்டிக்குள்ள கெடந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தி, எரைச்சலையெல்லாம் எடுத்துட்டு, சுத்தமா அனுப்பிருக்கேன், கேளு" என்று ஒரு முன்னுரை வேறு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒலித்துண்டைத் தொட்டேன். "கண்ணு, நல்லாருக்கியா? நேரத்துக்குத் திங்கிறியா?" எத்தனையோ மழைக்காலங்களுக்கு முன் மண்ணுக்குள் போன குரல். பால் பொங்கி வழிந்து கருகியது. கருகலும் இனிப்புமாக எழுந்த அந்த வாசனை என்னைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கள் மலையூரான கொட்டச்சேட்டில் போட்டது. எங்கள் டேப் ரிக்கார்டர் சூடேறினாலும் ஏறக்குறைய இப்படித்தான் மணக்கும்.

எண்பதுகள் அவை. அப்பா காபி எஸ்டேட்டில் ரைட்டர். கணக்கெழுதுகிற ரைட்டர்தான், என்னைப் போல் வெட்டி எழுத்து இல்லை. முதலாளி மலையிறங்கிப் போனபோது விட்டுச்சென்றது அந்த டேப் ரிக்கார்டர். ராயன் வீடு எஸ்டேட் வேலிக்கு அந்தப் பக்கம். சாமை விதைக்கிற குடும்பம். வாசலில் ஓர் ஆரஞ்சு மரம். சேலத்தில் கல்லூரியில் அவனும் நானும் ஒரே பெஞ்சு. வெளிநாட்டில் இன்ஜினியரிங் படிக்க ஒரே உதவித்தொகைக்கு இருவரும் மனுப்போட்டோம். அவனுக்கு ஜெர்மனி கிடைத்தது. எனக்கு அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. அவனைவிட என் ஆங்கிலம் நன்றாக இருந்தது என்பதை இத்தனை வயதுக்குப் பிறகும் சொல்லாமல் நகர முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவன் கேசட்டில் பேசி அனுப்புவான். மழைச்சேற்றில் கால் புதைய அந்தம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வரும். "ஏனுங் சாமி, வேலையா இருக்கீங்களா? புள்ள பேசிருக்கறான்." மகனுக்குக் கண்ணு, எனக்குச் சாமி. நானும் மலையில் பிறந்தவன்தானே, எனக்கும் ஒரு கண்ணு சொன்னால் என்ன? இப்படியெல்லாம் கூடக் கணக்கு வைத்திருந்தேன்.

கேசட்டில் அவன் நாயை விசாரிப்பான், ஆரஞ்சு மரத்தை விசாரிப்பான், வெள்ளக்கடை பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று கேட்பான். கடைசியில், போகிற போக்கில், "கேசட் போடறவன் நல்லாருக்கானா?" அவ்வளவுதான் நான். முதல் வருஷம் முழுக்க மொழியே படித்தானாம். விடுதிச் சமையலறையில் ஆளுக்கொரு பூட்டுப்போட்ட அலமாரியாம். அவன் ரசம் வைத்த அன்று பக்கத்து அறைக்காரன் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே ஓடினானாம். அந்தம்மா சிரிக்கும். நான் புளியைப் பற்றி நினைக்கவில்லை. அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று நினைத்தேன்.

ஒருமுறை வகுப்பையே பதிந்து அனுப்பியிருந்தான். வாத்தியார் எதையோ முடிக்கிறார். உடனே படபடவென்று ஒரு சத்தம்.

"என்னுங் சாமி இது, ஆலங்கட்டி மழையா?"

அங்கே பாடம் பிடித்திருந்தால் கைதட்ட மாட்டார்களாம், விரல்முட்டியால் மேசையைத் தட்டுவார்களாம். ராயனே பிற்பாடு விளக்கினான். மறுநாள் ஆபீசில் அப்பா காபிப் பழ எடையைக் கூட்டி முடித்ததும் நான் மேசையைத் தட்டிப் பார்த்தேன். "மேசைல கரையானா?" என்றார் அப்பா.

இப்போது பொத்தானுக்கு வருகிறேன். எங்களுக்குள் இருந்தது ஒரே கேசட். அவன் பேசி அனுப்பியதன் மேலேயே அந்தம்மா பேசித் திருப்பி அனுப்ப வேண்டும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பழையது அழிந்து புதியது ஏறும்.

"அவம் பேச்சு போயிருமா?"

"போயிருமுங்கம்மா."

"அப்ப இன்னொருக்கா போடு சாமி."

இன்னொருக்கா போடுவேன். அதற்குப் பிறகும் இன்னொருக்கா. கடைசியில் அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "செரி, அமுத்து" என்னும். அமுக்கும்போது, அய்யா, எனக்குள் ஒரு சுகம் ஓடும். அவன் பனி, அவன் டிராம், அவன் மேசைத் தட்டல் எல்லாம் என் ஒரு விரலுக்கடியில் ஒன்றுமில்லாமல் போகும். எங்கள் தகரக்கூரை மழை அவன் பனியின் மேல் கொட்டும். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கருகே குனிந்து, ஒவ்வொரு தடவையும், மகனிடம் பேசுவதற்கு முன்னால் என்னைத்தான் கேட்கும்: "ஓடுதா சாமி?"

"ஓடுதுங்கம்மா, பேசுங்க."

"நீயி கிட்டக்கயே இரு. எனக்கு இந்த மிஷினப் பாத்தா நொம்பப் பயம்."

பிறகுதான் கண்ணு, நல்லாருக்கியா.

ஒரு மழைக்காலத்தில் அனுப்பிய கேசட் திரும்பி வரவில்லை. அவனுக்கு அங்கேயே வேலை கிடைத்துவிட்டது, எஸ்டேட் ஆபீசுக்கு டெலிபோன் வந்துவிட்டது. அழிபடாமல் அவனிடம் தங்கிப்போன அதுதான் இன்று காலை வந்தது.

திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கண்ணுவில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் எதுவும் இல்லை. மழையும் இல்லை. இன்ஜினியர் அல்லவா, இரைச்சல் எது, பேச்சு எது என்று பிரித்துவிட்டான். அவன் படித்த படிப்பின் மேல் இந்த வயதில் மறுபடியும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தத் தகரக்கூரை இருந்த இடத்தில் இப்போது விடுதி ஒன்று கார்களோடு நிற்கிறது. டேப் ரிக்கார்டர் பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. ஆரஞ்சு மரமும் இல்லை. என்னைப் பக்கத்திலேயே இருக்கச் சொன்ன அந்தக் குரல் மட்டும் எங்கோ ஒரு ஜெர்மன் வீட்டுப் பெட்டிக்குள் நாடாவாகச் சுற்றிக் கிடக்கிறது. 'அந்த ஆரம்பத்தையும் அனுப்புடா' என்று எழுதினேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பான். அனுப்பாமலே அழித்தேன்.

பிறகு எழுதினேன்: "கேட்டேன்டா. நொம்ப சுத்தமா இருக்குது."