சார்ஜ்மேன் சொன்ன இரண்டாம் பாகம்

என்னிடம் ஒரு டிபன் கேரியர் மூடி இருக்கிறது. கேரியர் இல்லை, மூடி மட்டும். எவர்சில்வர். ஓரத்தில் ஒரு நசுங்கல். நடுவில் பளபளப்பு போய் ஒரு வட்டம் மங்கிக் கிடக்கும். விரல் பட்டுப் பட்டு அப்படி ஆனது. என் விரல் இல்லை. எங்கள் சார்ஜ்மேன் விரல்.

போன மாதம் என் மகளோடு வேலை செய்கிற நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. ஏதோ ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறதாம். ஒருத்தன் முதல் பாகத்தின் பேரைக் கெடுத்துவிட்டான் என்றான். இன்னொருத்தன் பரவாயில்லை என்றான். ஒரு பெண், புத்தகமும் அப்படித்தான், ஆசையாக இரண்டாம் பாகம் வாங்கி பாதியில் வைத்துவிட்டேன் என்றாள். என் மகள் என் பக்கம் திரும்பி, "நுவ்வு செப்பு நான்னா" என்றாள். அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் தெலுங்குதான் வரும். நீ சொல்லுப்பா என்கிறாள். நான் அலமாரியில் இருந்த மூடியைப் பார்த்தேன். "ஆயன மாட்லாடரு" என்று சிரித்தாள். அவர் பேசமாட்டார் என்று. சரிதான். பேச வேண்டிய இடத்தில் நான் பேசியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஏழாவது வரைக்கும் படித்தவன். தப்பு இருக்கும்.

செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் இருந்தேன். எடுபிடி வேலைக்குக் கலாசியாகச் சேர்ந்து ஃபிட்டராக வெளியே வந்தேன். வேகன் ரிப்பேர். அவர் எங்கள் செக்‌ஷனுக்கு சார்ஜ்மேன். எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கிறவர். ஜோலார்பேட்டைக்காரர். எங்கள் அப்பாவுக்கும் அந்தப் பக்கம்தான். அதனால் அவர் பேச்சு எனக்கு வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கும். என்னை "ஊமைக்கோட்டான்" என்றுதான் கூப்பிடுவார். வேலையில் ரொம்பக் கறார். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல சக்கரம் மணி மாதிரி கேட்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்து வரும். தட்டிவிட்டு வந்தால் கேட்பார். "பரவால்ல சார்னு நெனைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் போச்சு. "நீ நெனைக்கிறத எவன்டா கேட்டான்? இன்னா சத்தம் கேட்டுச்சோ அத்த சொல்லு. நீயா ஒண்ணும் சேக்காத" என்பார். நான் சேர்த்ததே இல்லை. அதனால் என்மேல் அவருக்கு நம்பிக்கை.

மதியம் சங்கு ஊதினால் அவர் வேற ஆள். மரத்தடியில் சுற்றி உட்காருவோம். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும் செகந்திராபாத்தில் தமிழ்ப் படம் போடுவார்கள். அவர் பார்த்துவிட்டு வருவார். திங்கட்கிழமை கதை சொல்லுவார். டிபன் மூடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு தட்டுவார். குதிரை வரும், மழை வரும், சண்டை வரும், எல்லாம் அந்த மூடியில். ஒரு படம் மூன்று நாள் ஓடும். படத்தில் இல்லாததும் வரும். அப்புறம் நாங்கள் போய்ப் பார்த்தால் படம் சப்பென்று இருக்கும். எங்களில் ஒரு வெல்டர் இருந்தார், எல்லோருக்கும் அவர் பாய். தமிழ் அரைகுறை. ஆனால் முதலில் வந்து உட்காருகிறவர் அவர்தான். சார்ஜ்மேன் சாப்பிட நிறுத்தினால், "கைக்கு ருக் கயே சாப், ஆகே போலோ" என்பார். ஏன் நிறுத்தினீங்க, மேலே சொல்லுங்க என்று. "சோறு துன்ன உடுய்யா" என்பார் இவர்.

ஒரு படம் வந்தது. ஒரு லாரி டிரைவர், அவன் மகன். சந்தையில் நாலு பேர் முன்னால் அப்பன் மகனை அறைந்துவிடுகிறான். மகன் ஒரு வெங்காய லாரியில் ஏறிப் போய்விடுகிறான். அப்பன் பின்னாலேயே ஓடுகிறான். லாரி நிற்கவில்லை. அதோடு படம் முடிந்துவிட்டது. இரண்டாம் பாகத்தில் பார்க்கலாம் என்று திரையில் எழுத்து வந்ததாம். அப்போதெல்லாம் அப்படிப் படம் கிடையாது. ஜனங்கள் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்றார். பாய் விடவில்லை. "லட்கா ஆயா கி நை சாப்?" பையன் வந்தானா இல்லையா? "எடுத்தா பாக்கலாம் பாய்" என்றார் சார்ஜ்மேன்.

அடுத்த வருஷம் அவர் மகனுக்குப் பதினெட்டு ஆனது. ஒர்க்‌ஷாப்பில் அப்ரன்டிஸ் எடுத்தார்கள். இவர் ஃபாரம் வாங்கிக் கொடுத்து எல்லாம் செய்தார். பரீட்சை அன்றைக்குப் பையன் போகவில்லை. சங்கு ஊதி நாங்கள் கேட்டுக்கு வெளியே டீ குடிக்க வந்த நேரம், அதைச் சொல்ல அவனே வந்தான். எனக்கு இந்த வேலை வேணாம்ப்பா என்றான். அவர் அறைந்தார். நாங்கள் இருபது முப்பது பேர் நின்றோம். அவர் இன்னொரு கையில் இருந்த கேரியர் விழுந்தது. மூடி தனியாக உருண்டு போய்த் தண்டவாளத் துண்டில் இடித்தது. அந்த நசுங்கல் அதுதான். பையன் அழவில்லை. போய் மூடியை எடுத்தான், சட்டையில் துடைத்தான், அப்பா கையில் கொடுத்தான், போனான். அந்த வாரமே வீட்டை விட்டும் போய்விட்டான்.

சார்ஜ்மேன் நாலு நாள் வரவில்லை. தேடினார் என்று கேள்வி. ஐந்தாம் நாள் வந்தார். வேலை பார்த்தார். மதியம் மரத்தடியில் உட்கார்ந்தார். நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம். மூடியைக் கவிழ்த்தார். நசுங்கின இடத்தை ஒரு தடவை தடவினார். "ரெண்டாம் பாகம் வந்துட்ச்சு. சொல்றேன், கேளுங்கடா" என்றார்.

அப்படி ஒரு படம் வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தனும் சொல்லவில்லை. பாய் மட்டும், "ஹவ் சாப், போலோ" என்றார். ஆமாம் சார், சொல்லுங்க என்று.

அந்த மழைக்காலம் முழுக்கச் சொன்னார். வெங்காய லாரி எங்கே போய் நின்றது, பையன் எந்த ஊரில் இறங்கினான், துறைமுகத்தில் எந்த டீக்கடையில் கிளாஸ் கழுவினான், யார் அவனுக்குப் போர்வை கொடுத்தார்கள், எப்போது மீசை வைத்தான், எல்லாம் வந்தது. ஒரு நாள் கூட அவனைப் பட்டினி போடவில்லை. காய்ச்சல் வந்தால் மறுநாளே இறக்கிவிடுவார். கடைசியாக ஒரு நாள் பையன் வீட்டுக்கு வந்தான். அதைச் சொல்லி முடித்தபோது பாய் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டார். அதன் பிறகு சார்ஜ்மேன் சினிமாக் கதை சொல்லவில்லை.

அவருடைய பையன் வரவில்லை. சார்ஜ்மேன் ரிட்டயர் ஆனார். மனைவி போய்ச் சேர்ந்தார். மெட்டுகுடாவில் ஒரு சந்தில் மகளோடு இருந்தார். சர்க்கரையில் கண் போய்விட்டது. நான் மாதத்துக்கு ஒரு தடவை போவேன். அவர் பேசுவார், நான் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு முன்னால் இரும்பு கேட். அதன் கொண்டி சத்தம் கேட்டால் போதும், பேச்சை விட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் தூக்குவார். பால்காரனாக இருக்கும், கரன்ட் ரீடிங் ஆளாக இருக்கும். "யாரும்மா?" என்பார். மகள் சொல்லுவார். முகத்தை இறக்கிக்கொள்வார். முப்பது வருஷம். மகனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

நான் ரிட்டயர் ஆக மூன்று வருஷம் இருக்கும்போது அந்தப் படத்துக்கு நிஜமாகவே இரண்டாம் பாகம் வந்தது. டிவியில் கேட்டிருக்கிறார். நான் உள்ளே நுழைந்ததும், "டேய் ஊமைக்கோட்டான், எட்த்துட்டானுங்கடா" என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்து எத்தனையோ வருஷம். "நீ போய்ப் பாரு. பாத்துட்டு நேரா இங்க வா. ஒண்ணு உடாம சொல்லணும்." மகள் சிரித்துக்கொண்டே, "அப்பா, போயும் போயும் இந்த அண்ணனையா கதை சொல்லச் சொல்ற?" என்றார். "இவன்தான் சரி. இருக்கறத சொல்லுவான்" என்றார்.

என் மகள் மாதாப்பூர் பக்கத்தில் மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். பெரிய கடைகளுக்கு மேலே தியேட்டர். படம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம், சுவரில் பையன் போட்டோ. மாலை போட்டிருந்தது. அப்பனாக நடித்தவருக்கு வயசாகிவிட்டது. மீதி முழுக்கச் சண்டை. எவனெவனையோ தேடி அடிக்கிறார். ஜனங்கள் விசிலடித்தார்கள். நான் அந்தப் போட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

லோக்கல் ரயிலில் திரும்பினேன். வழி முழுக்க யோசித்தேன். அவர் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொய் சொன்னார், நாங்கள் கேட்டோம். எனக்கு ஒரு பொய் போதும். பையன் வந்தான் சார், நீங்க சொன்ன மாதிரியே வந்தான் சார். அவ்வளவுதான். அவரால் போய்ப் பார்க்கவும் முடியாது. இத்தனையும் தோன்றியது. ஆனால் அவர் முன்னால் போய் நின்றதும் சக்கரத்தைத் தட்டிவிட்டு வந்து நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

"சொல்லுடா."

"பையன் ஆரம்பத்துலயே செத்துட்டான் சார்."

"அப்டியா" என்றார். அப்புறம், "எப்படிச் செத்தான்?"

"அது காட்டல சார்."

"காட்டலையா? அப்ப செத்தான்னு எவன் பாத்தான்?"

"போட்டோவுக்கு மாலை போட்டிருந்தாங்க சார்."

"மாலை எவன் வேணா போடலாம்டா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆமாம் சார், அது பொய் மாலை, கடைசியில் வருகிறான் என்று. எனக்காகத்தான் அந்த இடத்தைத் திறந்து வைத்தார். இப்போது தெரிகிறது. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, "சண்டை எப்படி?" என்றார். "நல்லா இருந்துச்சு சார்" என்றேன். மகள் காபி கொண்டுவந்தார். குடித்தோம்.

அடுத்த மாதம் போனேன். கேட் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. நான்தான் திரும்பினேன். வெளியே வந்து செருப்பு போடும்போது மகள் சொன்னார், "அப்பா இப்பல்லாம் யாருன்னு கேக்கறதே இல்லண்ணே." நான் தலையாட்டினேன். காரணத்தைச் சொல்லவில்லை. அந்த வருஷத்து மழைக்காலம் தாண்டவில்லை அவர்.

அவர் போய் ஒன்றரை வருஷம் கழித்து மகன் வந்தான். மகள் போன் செய்தார், ஓடினேன். ஐம்பது வயசு. மீசை இருந்தது, நரைத்திருந்தது. விசாகப்பட்டினத்தில் லாரி ஷெட் வைத்திருக்கிறானாம். அப்பா போனது அவனுக்குத் தெரியாது. வந்துதான் தெரிந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டான். கேட்டுக்கு முன்னால் நின்ற முப்பது பேரில் நானும் ஒருத்தன். "அண்ணே, என்னைப் பத்தி அப்பா ஏதாவது பேசுவாரா?" என்றான்.

நான் பார்த்ததைச் சொன்னேன். கேட்டதைச் சொன்னேன். "ஒரு வார்த்தை பேசினதில்லப்பா" என்றேன்.

அவன் அக்கா உள்ளே போய் மூடியைக் கொண்டுவந்து, "அப்பா இத யாரையும் தொட விடமாட்டாரு. நீ எடுத்துட்டுப் போ" என்றார். கையில் வாங்கினான். நசுங்கலைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும் அது எப்படி வந்ததென்று. "எனக்கு வேணாம்க்கா" என்று கீழே வைத்தான். மறுநாள் ரயிலுக்குப் போய்விட்டான். அறைந்ததைத்தான் அப்பா முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மூடி என்னிடம் வந்தது.

என் மகள் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். இரண்டாம் பாகம் ஏன் நன்றாக இருப்பதில்லை என்று எனக்குத் தெரியாது. நல்லதும் ஒன்றிரண்டு பார்த்திருக்கிறேன். முதல் பாகத்தை எவனோ எடுக்கிறான். இரண்டாம் பாகத்தைக் காத்திருக்கிறவன் எடுத்துவிடுகிறான். தனக்கு என்ன வேண்டுமோ அதை வைத்து எடுக்கிறான். படக்காரன் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வரும்போது லேட்டாகிவிடுகிறது. அந்தப் படக்காரன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு எங்கள் சார்ஜ்மேனைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தம்பி, விசாகப்பட்டினத்தில் தமிழ் படிக்கிறாயோ என்னவோ. யாராவது படித்துச் சொன்னாலும் சரி. உன்னைப் பற்றி அப்பா பேசியதில்லை என்றேன். பேர் சொல்லிப் பேசவில்லை, அவ்வளவுதான். ஒரு மழைக்காலம் முழுக்க உன்னைப் பற்றித்தான் பேசினார். கடைசி நாள் சொன்னது இது. நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

பையன் மத்தியானம் வருகிறான். அப்பன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கேட் சத்தம் கேட்கிறது, தலை தூக்குகிறான். பையன் மீசையோடு நிற்கிறான். எங்கே போனாய் என்று அப்பன் கேட்கவில்லை. ஏன் போனாய் என்றும் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்காருகிறான். டிபன் மூடியைத் திருப்பி வைத்து, தன் தயிர் சோற்றில் பாதியை அதில் போட்டு, அவன் பக்கம் தள்ளுகிறான். பையன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். இத்தோடு முடிந்தது.

மூடி என் வீட்டில் இருக்கிறது. மத்தியானமாக வா. நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.