குதிரைக் காலடியில் ஓர் எழுத்து

கொடுத்தவனும் எடுத்தவனும் அல்லாஹ்வே. அவனைப் புகழ்ந்து, வாப்பா மௌத்தாகி ஓராண்டு நிறையும் இந்நாளில், சொல்லக் கூசும் ஒன்றை எழுதுகிறேன்.

வாப்பா பிறந்தது பாலமுனையில். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து கல்முனைக்கு வந்தவர், சைக்கிளில் சாரனும் சேலையும் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றார். போன வீடுகளில் பெண்கள் மாலையில் கோத்து வைத்திருந்த தங்கப் பவுண்களைக் கண்டுதான் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. ஒருபுறம் வெள்ளைக்கார ராசாவின் தலை, மறுபுறம் குதிரைவீரன். குதிரையின் காலடியில் கடுகளவு ஆங்கில எழுத்தொன்று, காசு எந்த ஊரில் அச்சானது என்று சொல்லும். சிட்னி, மெல்பன், பேர்த், பம்பாய். பள்ளிக்கூடம் போகாத வாப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் அந்த நாலெழுத்துத்தான். பம்பாய்க் காசைப் பல வருடம் தேடி, அட்டாளைச்சேனையில் ஒரு வீட்டில் கண்டு, வேறு இரண்டு பவுண் கொடுத்து மாற்றி வந்தார். உம்மா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

நான் மத்ரஸாவிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்திருந்தேன். நிறைகுடம் தளும்பாது என்பார்கள், நான் குறைகுடம். உருவம் உள்ள வீட்டுக்கு மலக்குகள், அந்த வானவர்கள், வரமாட்டார்கள் என்று, வாப்பா வியாபாரத்துக்குப் போன நேரம் அவர் சேர்த்து வைத்திருந்த ஏழு பவுணையும் தட்டாரிடம் கொண்டுபோய் அராவச் சொன்னேன். வாப்பாவிடம் கேட்டாயா என்றார் அவர். ஓம் என்று பொய் சொன்னேன். இருபுறமும் வழவழப்பாக்கித் தந்தார்.

வாப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு, "உன்ட சட்டப் பைக்குள்ள கிடக்கிற காசிலயும் படம் இரிக்கிதானே மகன்" என்றார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அடுத்த வாரம் வந்த மாமா, யார் செய்த வேலை என்று கேட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"நாந்தான் மச்சான். உருவம் வேணாமெண்டு பட்டிச்சி" என்றார் வாப்பா.

நான் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஊரே வாப்பாவின் இறையச்சத்தை மெச்சியது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தந்தவர்களில் மூவர் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கடைசி மாதம், பார்வை மங்கிய நிலையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதில் பம்பாய் எது என்று கேட்டார். ஏழும் ஒன்றுபோலிருந்தன. கையில் பட்டதை எடுத்து, இதுதான் வாப்பா என்றேன். அதைப் பிடித்துக்கொண்டே உறங்கினார்.

மையித்தைக் குளிப்பாட்டியவர்களுக்கும், கபுறு வெட்டியவர்களுக்கும், இத்தனை வருடம் யாரிடமும் வாய் திறக்காமல், ஜனாஸாவன்று வாசலில் நின்று அழுத தட்டாருக்கும் எங்கள் நன்றி. வாப்பாவுக்காகத் துஆக் கேளுங்கள். காசை அராவிய நல்ல மனிதர் என்று மட்டும் சொல்லாதீர்கள். அராவியது நான்.