நெஞ்சுவலிக்காரன் வேலை

பெங்களூரை அடுத்த ஆனேக்கலில் ஒரு கிளினிக்கை விட்டு வெளியே வந்து நடந்துகொண்டிருந்தோம். வேனை எப்போதும் டாக்டர் கண்ணில் படாத இடத்தில்தான் நிறுத்துவார்கள். அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு டயர் கடை ஓரமாக நின்றது. அண்ணன் என் தோளில் கை போட்டிருந்தார். பாதி வழியில் அந்தக் கை கனக்கத் தொடங்கியது.

"வெளிய வந்தாச்சு, கைய எடுண்ணா."

"எடுத்தா வுழுந்துடுவேன்டா."

சிரித்தேன். அவர் அப்படித்தான். ஒருமுறை ஸ்ரீராம்புரத்தில் டீக்கடை வாசலில் ஒத்திகைக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கடைக்காரர் பாலை அடுப்பில் விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். திரும்பி வந்தபோது அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்.

அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. நாங்கள் டம்மி பேஷன்ட்கள். வைத்தியத்தின் தரத்தை ஆராய்கிற ஒரு நிறுவனம் எங்களை வைத்திருந்தது. இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு சின்னச் சின்ன கிளினிக்குகளுக்குப் போக வேண்டும். டாக்டர் என்ன கேட்டார், எங்கே தொட்டுப் பார்த்தார், என்ன கொடுத்தார் என்று வேனுக்கு வந்து ஒப்பிக்க வேண்டும். டாக்டர்கள் ஆய்வுக்கு முன்பே சம்மதித்தவர்கள்தான். எந்த நாள், எந்த ஆள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அண்ணனுக்கு நெஞ்சுவலி, நான் துணைக்கு வந்த தம்பி. ஊசி என்றால் பயம் என்று சொல்லி மறுக்க வேண்டும். அங்கேயே மாத்திரை தந்தால் விழுங்கக் கூடாது. நிஜமாக நோய் உள்ளவனுக்கு இந்த வேலை கிடையாது.

நான் எட்டாவதோடு நின்றவன். குடியாத்தம் பக்கமிருந்து ரயிலேறி வந்து, பீன்யாவில் முலாம் பூசும் தொட்டி அருகே நின்று கை வெந்து, கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறி, எதிலும் நிலைக்காமல் அலைந்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் இதில் தங்கினேன். அண்ணனுக்கு இது அதற்கும் மேலே. தங்கவயலில் பிறந்து, பெங்களூரில் மூட்டை தூக்கி, ஏடிஎம் வாசலில் காவல் நின்று ஐம்பதைத் தாண்டியவர். அவர் செய்த ஒரு காரியத்துக்குப் படித்தவர்கள் கைதட்டியது இந்த வேலையில்தான். இதை விட்டுவிட அவர் தயாராக இல்லை.

அன்று ஆனேக்கலில் பார்த்த டாக்டர் வயதானவர். நாடி பிடித்த கையை விடவேயில்லை. தாடை வலிக்கிறதா, இடதுகை மரத்ததா, எப்போதிலிருந்து வேர்க்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சட்டையைக் கழற்றச் சொல்லிக் குழாய் வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இது ஹார்ட்டுப்பா. ஸ்வல்பம் கூட லேட் பண்ண கூடாது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரி போகணும். ஆட்டோ நான் கூப்பிடறேன்."

ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றை எடுத்து, மென்று விழுங்கச் சொல்லி நீட்டினார். அண்ணன் வாயருகே கொண்டுபோய், சொல்லிக்கொடுத்தபடியே உள்ளங்கையில் மடக்கிக்கொண்டார்.

"நம்ம வண்டி வெளிய கீது சார்" என்றார்.

வேனில் எங்கள் வேலையை மேற்பார்க்கும் மேடம் காத்திருந்தாள். கன்டோன்மென்ட் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், எங்களைவிடச் சின்னவள். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. நாங்கள் ஒப்பிக்க ஒப்பிக்க டேப்லட்டில் தட்டிக்கொண்டே வந்தாள்.

"ரெஃபர் பண்ணாரா? ஆஸ்பிரின் கூடவா? அண்ணா, இத்தன நாள்ல ஒருத்தர் கூட இப்படி பண்ணலண்ணா!"

கைதட்டினாள். டிரைவரும் தட்டினான். அண்ணன் மடக்கிய கையைத் திறந்து மாத்திரையை அவளிடம் தந்தார். அவள் அதைச் சின்ன கவரில் போட்டு ஒட்டினாள்.

"மேடம், இன்னிக்கி நான் நடிக்கல. காலைலேர்ந்தே வலிக்குது."

"பாருங்க மேடம், வேன்லயும் ஷோ போடறாரு" என்றான் டிரைவர். "டிக்கெட் எவ்ளோண்ணா?"

மேடமும் சிரித்தாள். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நிஜமாவா அண்ணா? நிஜம்னா சொல்லிடுங்க, நேரா ஆஸ்பத்திரி போயிடலாம். ஆனா ரூல் தெரியும்ல. அப்புறம் உங்கள வெச்சுக்க முடியாது."

அக்கறையோடுதான் சொன்னாள். அண்ணன் டயர் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சும்மா சொன்னேம்மா. அடுத்தது எங்க?"

அடுத்தது அத்திபெலே ரோட்டில். அந்த டாக்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டுவிட்டு, வாயு என்றார். கம்பவுண்டரிடம் ஊசியைக் காட்டினார்.

"ஊசி வேணா சார். பயம்."

"இம்மாம் பெரிய மீசை வெச்சினு ஊசிக்கு பயமா? மீசைய எடுத்துட்டு வாய்யா."

கம்பவுண்டர் சிரித்தான். அண்ணனும் சிரிக்கப் பார்த்தார். எழுந்திருக்க முடியவில்லை. முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. அது எங்கள் பாடத்தில் இல்லை. வேர்வையை யாரும் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது.

"சார், இவருக்கு நிஜமாவே வலிக்குது சார்" என்றேன்.

"இங்க வர்றவன் எல்லாம் நிஜமாத்தான் வர்றான். நெக்ஸ்ட்."

நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். வேனில் ஏற்றியதும் வாந்தி எடுத்தார். ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வண்டி நகர்ந்தது. மேடம் மேலதிகாரியிடம் போனில் பேசிக்கொண்டே வந்தாள். விசிட் முடிந்த பிறகு ஆனதா, விசிட்டின்போதா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "ரெண்டுக்கும் நடுவுல சார்" என்று இரண்டு முறை சொன்னாள்.

உயிர் போகவில்லை. ஆனேக்கலிலிருந்து நேராக வந்திருந்தால் இதயம் இவ்வளவு கெட்டிருக்காது, இனி மாடி ஏறுவதே சிரமம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாயங்காலம் அண்ணி வந்தாள். மாநகராட்சியில் தெரு கூட்டுகிறவள். பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அழவில்லை. கட்டிலருகே குனிந்து கேட்டாள்:

"எத்தினி டாக்டர பாத்த நீ. ஒருத்தங்கிட்டயாவது உன் ஒடம்ப காட்னியா?"

அண்ணன் ஆக்சிஜன் மாஸ்க்கை விரலால் தூக்கி, ஓரமாக நின்ற மேடத்தைப் பார்த்தார். "நல்லானதும் வரலாமா மேடம்?"

"மொதல்ல ரெஸ்ட் எடுங்கண்ணா."

மறுநாள் காலை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேடத்தின் கண் வீங்கியிருந்தது. ஆனேக்கல் டாக்டரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள் என்றாள்.

"அவர் ஒருத்தர்தானே மேடம் சரியா சொன்னாரு?"

"சரியாத்தான் சொன்னாரு. ஆனா அவர் பாத்தது நிஜ பேஷன்ட். அது ஸ்டடில வராது."

"அந்த இன்னொருத்தர்? மீசைய எடுக்க சொன்னவரு?"

"அவரும் வர மாட்டாரு."

சற்றுநேரம் டேப்லட்டைத் திருப்பித் திருப்பி வைத்தாள். பிறகு, பீன்யா பக்கம் இன்னும் கிளினிக்குகள் பாக்கி, நெஞ்சுவலிக்கு ஆள் வேண்டும் என்றாள். "எல்லா விசிட்லயும் கூட இருந்தது நீங்கதான். எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றேன். நேற்று நடந்ததற்குப் பிறகு புது விதி போட்டிருந்தார்கள். முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும். என்னைப் படுக்கவைத்து, குளிர்ந்த களிம்பைத் தடவி, ஒயர்களை ஒட்டினார்கள். காகிதம் ஓடி முடிந்ததும், அதற்கென்று வரவழைத்திருந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, நெஞ்சுவலிக்கு இவரை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.